தட்டில் எவ்வளவு சோறு? பழனி மலைச் சமையலறைக்கு ஒரு கணக்கு

நான்கு பேர் உள்ள குடும்ப அட்டைக்கு ரேஷன் கடையில் மாதம் 20 கிலோ அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பண்ணைக்காட்டிலும் அடுப்பு அணையாமல் இருக்க இந்த அரிசி எவ்வளவு பெரிய துணை என்பது எல்லோருக்கும் தெரியும். பசியைத் துரத்தியதில் அதன் பங்கைக் குறைத்துப் பேசுவது நியாயமும் அல்ல. ஆனால் சர்க்கரை நோய் நுழைந்துவிட்ட வீட்டில் அதே அரிசிக்கு இன்னொரு கணக்கும் போட வேண்டியிருக்கிறது. 20 கிலோவை 30 நாளுக்கும் 4 பேருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 167 கிராம் அரிசி. சோறாக வெந்தால் அது 450 கிராமைத் தொடும். கடையில் தனியாக வாங்கும் அரிசி, இட்லி மாவு, பன், பரோட்டா எதுவும் இதில் சேரவில்லை. அதே அட்டைக்கு 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பு மாதம் 1 கிலோ. பங்கிட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம், ஒரு மேசைக்கரண்டிகூட நிறையாது. இந்த 20க்கு 1 என்ற விகிதத்தைத்தான் சர்க்கரை உள்ளவர் முதலில் கவனிக்க வேண்டும். எந்தத் தானியத்துக்கு மாறலாம் என்ற கேள்வி அதற்குப் பிறகு வருவது. பெரும்பாலான வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது.

450 கிராம் என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 21 நாடுகளில் 1,32,000க்கும் அதிகமானோரைப் பின்தொடர்ந்த ‘ப்யூர்’ ஆய்வின் முடிவு 2020இல் வெளியானது. தினமும் 450 கிராமும் அதற்கு மேலும் வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களை, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களோடு அதில் ஒப்பிட்டார்கள். தெற்காசியாவில், நிறையச் சோறு சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 61 சதவீதம் அதிகமாக இருந்தது. சீனாவில் அப்படிக் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. அங்கேயும் அரிசிச் சோறுதான். ஆகவே சோற்றை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுப் போக முடியாது. சோற்றுக்குப் பக்கத்தில் தட்டில் வேறு என்ன இருக்கிறது, சாப்பிட்டவர் எவ்வளவு உழைக்கிறார் என்பதையும் கேட்டாக வேண்டும். நம் பக்கத்து நிலவரம் லேசானது அல்ல. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய்; தமிழ்நாட்டில் 14.4 சதவீதம்.

அதே கணக்கெடுப்பின் உணவுப் பகுதி 2025இல் வெளியானது. 1,21,000 பேரின் சாப்பாட்டை ஆராய்ந்ததில், இந்தியர்கள் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் வருவது தெரிந்தது. பலருக்கும் உவப்பில்லாத ஒரு முடிவும் அதில் இருந்தது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் வெள்ளை அரிசியையும் மைதாவையும் விட்டுவிட்டு முழுக்கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறுவதால் சர்க்கரை நோயின் வாய்ப்பு குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கை, கலோரிக் கணக்கில் 5 சதவீதத்தை, பருப்பு, பயறு, பால், தயிர் தரும் புரதத்துக்கு விட்டுக்கொடுத்தவர்களிடம்தான் வாய்ப்பு குறைந்து காணப்பட்டது. 2022இல் அதே குழுவினர் 18,090 பேரின் தரவை வைத்து வேறொரு கணக்கும் போட்டிருந்தார்கள். நோய் புதிதாகக் கண்டறியப்பட்டவர் அதைப் பின்வாங்கச் செய்ய வேண்டுமானால் மாவுச்சத்து 49 முதல் 54 சதவீதம், புரதம் 19 முதல் 20 சதவீதம் என்ற அளவுக்கு வர வேண்டும் என்றது அது. சோற்றை அடியோடு விடச் சொல்லும் கணக்கு அல்ல இது. தட்டில் சோற்றுக் குவியலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பையும் காயையும் வைத்தால் கிட்டத்தட்ட இந்த விகிதத்துக்கு வந்துவிடலாம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமான மறுப்பும்கூட. ஒரு தடவை கேட்டு எழுதிய சாப்பாட்டுக் கணக்கை வைத்து இதனால்தான் அது என்று அடித்துச் சொல்ல முடியுமா? முடியாது. கணக்கெடுப்பு தொடர்பைக் காட்டும், காரணத்தை நிரூபிக்காது. அதனால்தான் சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்ட ஆய்வையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து மூன்று ஆண்டுகள் கவனித்த ஆய்வு அது, 2006இல் வெளியானது. உணவையும் உடலுழைப்பையும் சரிசெய்தவர்களிடம் நோயாக மாறும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை தனியாகக் கொடுக்கப்பட்டவர்களிடம் 26.4 சதவீதம். மேல்நாட்டுச் சாலட் எதுவும் இல்லாமல், நம் ஊர் ஆட்களிடம், நம் ஊர்ச் சாப்பாட்டில் கிடைத்த பலன் இது.

அடுத்த மறுப்பு மலையில் அடிக்கடி காதில் விழுவது. தாத்தா காலத்தில் கேழ்வரகும் சாமையும் தினையும்தான் சாப்பாடு, சுகர் என்ற பேச்சே இல்லை, அரிசி வந்துதான் எல்லாம் கெட்டது, திரும்பவும் களிக்கே போய்விட்டால் போதும் என்பார்கள். இதில் பாதி உண்மை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் நார்ச்சத்து 11 கிராம். தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. கால்சியத்திலும் கேழ்வரகுதான் மேல். ஆனால் மாவுச்சத்து கேழ்வரகில் 67 கிராம், அரிசியில் 78 கிராம். பெரிய இடைவெளி இல்லை. அதையும் நைசாக அரைத்துக் களியாகக் கிண்டினால் குடலில் சீக்கிரம் கரைந்து ரத்தத்தில் ஏறிவிடும். தாத்தா காலத்தோடு ஒப்பிடும்போது விட்டுப்போவது இன்னொன்றும் இருக்கிறது. விளைந்ததைத் தலைச்சுமையாகவோ மட்டக்குதிரை மேலோ ஏற்றி மலைப்பாதையில் நடந்தவர்கள் அவர்கள். காட்டுக் கிழங்கு தோண்டப் பளியர் பழங்குடியினர் நடக்கும் தூரமும் கொஞ்சநஞ்சமல்ல. அந்த உழைப்பை விட்டுவிட்டு அந்தக் களியை மட்டும் திருப்பிக் கொண்டுவந்தால் கணக்கு சரியாகாது. கேழ்வரகு பிடிக்கும் என்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் சோற்றுக்குப் பதிலாக, அதே சிறு அளவில். ‘இது சத்தானது’ என்று இரண்டு உருண்டை போட்டுக்கொண்டால் அரிசியை விட்டதில் பலன் இல்லை. இரவில் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்ற பட்டணத்து வழக்கத்துக்கும் இதே பதில்தான். நான்கு சப்பாத்தி சோற்றைவிட எந்த வகையிலும் இளைப்பம் இல்லை.

சோற்றைக் குறைத்தால் காலியாகும் இடத்தில் என்ன வைப்பது என்பதில் மலைவாசிக்கு ஒரு வசதி இருக்கிறது. சமவெளியில் இருப்பவர் இதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். பீன்ஸ், பட்டர் பீன்ஸ், பட்டாணி, முட்டைக்கோஸ், முள்ளங்கி, கேரட், கீழ்மலைப் பக்கம் சௌசௌ, அவரை எல்லாம் இங்கேயே விளைகின்றன. ஒட்டன்சத்திரம் சந்தைக்கும் மதுரைக்கும் லாரி லாரியாக இறங்குவது, சர்க்கரை மருத்துவர்கள் எழுதிக்கொடுக்கும் பட்டியலேதான். இவற்றில் பட்டர் பீன்ஸையும் பச்சைப் பட்டாணியையும் தனியாகச் சொல்ல வேண்டும். அவை காய் மட்டுமல்ல, பயறும்கூட. மாவுச்சத்து இருந்தாலும் மெதுவாகவே கரையும். கூடவே புரதமும் நாரும் வரும். ஒரு கிண்ணம் பட்டர் பீன்ஸ் கூட்டு இருந்தால் அன்று ஒரு கரண்டி சோற்றைக் குறைப்பது சிரமமாகவே தெரியாது. பழைய சமையலில் இதற்கென்றே ஒரு பதார்த்தம் இருக்கிறது. கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் ஊறவைத்துக் கொரகொரப்பாக அரைத்து, ஆவியில் வேகவைத்து உதிர்த்து, பொடியாக நறுக்கிய பீன்ஸோடு வதக்கும் பருப்பு உசிலி. பாதி காய், பாதி பருப்பு. விருந்து நாளில் மட்டும் செய்வதை வாரம் இரண்டு முறை செய்தால் ரேஷன் பருப்பின் 8 கிராம் கணக்கு கொஞ்சமாவது நிமிரும்.

பருப்பு மலையில் வேகாது என்பது நொண்டிச்சாக்கு அல்ல, இயற்பியல். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் கொண்டைக்கடலையும் மொச்சையும் மணிக்கணக்கில் கிடந்தாலும் நறுக்கென்று இருப்பது அதனால்தான். கியாஸ் செலவுக்குப் பயந்தே பல வீடுகளில் பயறு வாரக்கணக்கில் டப்பாவில் தூங்குகிறது. வழி இருக்கிறது. இரவு ஊறப்போடும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு மூடி வையுங்கள். குளிர்ந்த தண்ணீரில் ஊறுவது மந்தம். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குக்கரில் வைத்து, சமவெளிக்காரர்கள் சொல்லும் விசில் எண்ணிக்கையோடு இரண்டு மூன்று கூட்டிக்கொள்ளுங்கள். பாசிப்பருப்பும் மைசூர்ப் பருப்பும் சீக்கிரம் வேகும். அவசர நாளுக்கு அவை போதும். சமைக்க நேரமே இல்லாத நாளில் ஒரு முட்டை 6 கிராம் புரதம் தரும்.

காய்களில் இரண்டைப் பற்றி மலையில் தப்பான பேர் உலவுகிறது. கேரட்டும் பீட்ரூட்டும் இனிப்பு, சுகருக்கு ஆகாது என்று ஒதுக்குகிறார்கள். உருளைக்கிழங்கைக் காய் என்று நினைத்துத் தாராளமாகப் போட்டுக்கொள்கிறார்கள். உள்ளது நேர்மாறு. கேரட்டின் கெட்ட பெயர் 1981இல் டொரன்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் வெளியிட்ட முதல் கிளைசிமிக் குறியீட்டுப் பட்டியலோடு வந்தது; ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்பதைச் சொல்லும் எண் அது. அந்தப் பட்டியலில் கேரட்டுக்கு 92 என்று போட்டிருந்தார்கள். பிற்காலச் சோதனைகளில் அது 40க்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. அந்தச் சோதனைக்கு வேண்டிய 50 கிராம் மாவுச்சத்தைக் கேரட்டிலிருந்து பெறவே முக்கால் கிலோ தின்ன வேண்டும். அப்படி யார் தின்கிறார்கள்? உருளைக்கிழங்கு அப்படி அல்ல. வேகவைத்த கிழங்கின் குறியீடு 78, வெள்ளைச் சோற்றின் 73க்கும் மேலே. 200 கிராம் கிழங்கு வறுவலின் மாவுச்சத்து 100 கிராம் சோற்றுக்குக் குறையாது. உருளைக்கிழங்கு பொரியல் தொட்டுக்கொண்டு சோறு சாப்பிடுவதைச் சோறு தொட்டுக்கொண்டு சோறு சாப்பிடுவதாகவே கணக்கிட வேண்டும். கிழங்கைச் சுத்தமாக விடச் சொல்லவில்லை. கிழங்கு வைத்த அன்று சோற்றில் அந்த அளவைக் கழித்துவிடுங்கள்.

அளவு என்றதும் தராசை எடுக்க வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் 200 மில்லி டம்ளரில் சோற்றை அழுத்தாமல் நிரப்பிக் கொட்டினால் ஏறத்தாழ 150 கிராம், அதில் 40 கிராம் அளவுக்கு மாவுச்சத்து. ஒரு வேளைக்கு அதுதான் அளவு என்று வைத்துக்கொண்டால், அடுத்த சிக்கல் சாப்பிடும் முறையில் வரும். சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று நம் சாப்பாடு மூன்று முறை சோற்றைத் தட்டுக்கு அழைக்கிறது. ஒவ்வொரு தடவையும் ‘கொஞ்சம்தானே’ என்று விழுவது கடைசியில் மூன்று டம்ளர் ஆகிவிடும். சோற்றைச் சாம்பாரோடு முடித்துக்கொள்ளுங்கள். ரசத்தைச் சூடாக டம்ளரில் ஊற்றிக் குடிக்கலாம், குளிருக்கும் அது இதம். மோரையும் அப்படியே குடிக்கலாம். ருசியில் எதுவும் குறைவதில்லை, குறைவது இரண்டு டம்ளர் சோறு. வரிசையையும் மாற்றிப் பார்க்கலாம். நியூயார்க்கின் வீல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 2015இல் சர்க்கரை நோயாளிகள் 11 பேரிடம் செய்த சிறு சோதனையில், அதே உணவைக் காயும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்று சாப்பிட்டபோது, ஒரு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்தது. 11 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் கூட்டையும் பொரியலையும் முதலில் காலி செய்துவிட்டுச் சோற்றில் கை வைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை என்பதால் இந்தச் சின்ன ஆதாரமே எனக்குப் போதுமானதாகப் படுகிறது.

குளிருக்குச் சோறும் டீயும் இல்லாமல் எப்படி என்பது மலையின் சொந்த மறுப்பு. உடம்புக்குச் சூடு எந்த உணவிலிருந்தும் கிடைக்கும். சொல்லப்போனால் புரதத்தைச் செரிக்கும்போதுதான் உடம்பு அதிகச் சூட்டை வெளிவிடுகிறது. டீ வேறு விஷயம். டிசம்பர், ஜனவரியில் நாளைக்கு ஐந்து கிளாஸ் என்பது இங்கே சாதாரணம். கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டால் 45 கிராம் வரை உள்ளே போகிறது. ஒரு டம்ளர் சோற்றைக் குறைத்துவிட்டு அதே மாவுச்சத்தை டீயில் குடித்துவிடுகிறோம், அதுவும் நாரோ புரதமோ எதுவும் இல்லாமல். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, மலைத்தேன் எதைப் போட்டாலும் ரத்தத்தில் இதே கதைதான். மூட்டை தூக்குபவரும் கொத்துபவரும் என்ன செய்வது என்றால், அவர்களுக்கு ஒரு டம்ளர் என்ற அளவு பொருந்தாது. வேலை செய்யும் தசை இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வேலை நாளில் அவர்கள் கூடுதலாகச் சாப்பிடலாம், மழைக்கு வீட்டில் முடங்கும் நாளில் அந்தக் கூடுதல் வேண்டாம். கடையில் உட்கார்ந்திருப்பவர், வண்டி ஓட்டுபவர், விடுதியில் கணக்கு எழுதுபவர் ஆகியோர் மலையில் வாழ்வதை உழைப்பாக எண்ணிக்கொள்ளக் கூடாது. இவர்களுக்கு நியூசிலாந்தில் 2016இல் வெளியான ஓர் ஆய்வு உதவும். நாளில் ஏதோ ஒரு நேரம் 30 நிமிடம் நடப்பதைவிட, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 22 சதவீதம்.

இனிப்பில் மலைக்கென்றே சில சோதனைகள் உண்டு. பழனிப் பஞ்சாமிர்தத்தை மறுக்க மனம் வராது. மலை வாழைப்பழம், சர்க்கரை, தேன், பேரீச்சை, கற்கண்டு, நெய் சேர்ந்தது அது. பிரசாதமாக நுனிவிரலில் எடுப்பது ஒன்று, டப்பாவைத் திறந்து தோசைக்குத் தொட்டுக்கொள்வது வேறு. விருப்பாச்சி மலை வாழையைப் பழமாகச் சாப்பிடுவதில் தவறில்லை. ஒன்று, உணவோடு ஒட்டாமல் நடுப்பொழுதில். வெண்ணெய்ப்பழம் நிஜமாகவே நல்லது. மாவுச்சத்து சொற்பம், நார் அதிகம். தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி. 1 என்று ஒரு ரகத்தையே வெளியிட்டிருக்கும் அளவுக்குக் கீழ்மலைக்கு அது நெருக்கம். ஆனால் பாலும் நான்கு ஸ்பூன் சர்க்கரையும் போட்டு மில்க் ஷேக்காக அடித்தால் அந்த நன்மை போச்சு. உப்பு, மிளகு, எலுமிச்சை போட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு ரசத்துக்கு அருமை. மாத்திரைக்குப் பதிலாகப் பூண்டு என்று சொல்பவரை மட்டும் நம்ப வேண்டாம்.

இவ்வளவும் உங்கள் உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்பதைக் குளுக்கோமீட்டரில்தான் பார்க்க முடியும். சாப்பிடுவதற்கு முன்பும், முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது எண் 180க்குள் இருப்பது நல்லது. ஒரு நாள் பழைய அளவுச் சோற்றோடும் இன்னொரு நாள் ஒரு டம்ளர் சோறு, பருப்பு உசிலியோடும் பார்த்தால் இந்த அத்தியாயத்தின் வாதம் உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்று தெரிந்துவிடும். குளிர் காலையில் ஒரு எச்சரிக்கை: பெரும்பாலான மீட்டர்கள் 10 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது, விறைத்த விரலில் ரத்தமும் வராது. மீட்டரைச் சற்று நேரம் சட்டைக்குள் வைத்து, கையை வெந்நீரில் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள்.

மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் சோற்றைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருவதால், மருந்தின் அளவைப் பற்றிக் கேட்கும் பழக்கம் விட்டுப்போகக் கூடாது. கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் ஆகியவை நீங்கள் குறைத்த சோற்றுக்கு ஏற்பத் தாமாகக் குறைந்துகொள்ளாது. டாபாகிளிப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர் மாவுச்சத்தைத் தடாலென்று வெட்டுவது ஆபத்து. சிறுநீரகக் கோளாறு உள்ளவர் பருப்பைக் கூட்டுமுன் கேட்க வேண்டும். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் நடுக்கம், வியர்வை, படபடப்பு வரும். மலையில் நடுக்கத்தைக் குளிர் என்று நினைத்துப் போர்வையை இழுத்துக்கொள்வது சுலபம். குளிருக்கு யாருக்கும் வியர்க்காது என்பதை வைத்துப் பிரித்தறியுங்கள். மன்னவனூர், கிளாவரைப் பக்கமிருந்து கொடைக்கானலுக்குப் பஸ் ஏறுபவர் பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று இருக்கட்டும். மூன்று ஸ்பூன் குளுக்கோஸையோ சர்க்கரையையோ தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை குடிக்க வேண்டும். ஏறிய பிறகு பிஸ்கட்டோ வேறு ஏதாவதோ சாப்பிடலாம். கையில் இருக்கிறதே என்று கொடைக்கானல் சாக்லேட்டை அந்த நேரத்தில் வாயில் போடாதீர்கள். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதமாகத்தான் ரத்தத்துக்கு விடும்.